ஆட்டக்களத்தில் ஆசிரியர்: பயிற்சியைப் பாடமாக நடத்தும் முறை

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலீஸ் கூடைப்பந்து அணிக்கு 1964 முதல் 1975 வரையிலான காலத்தில் பத்துத் தடவை அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியப் பட்டத்தைப் பெற்றுத் தந்த ஜான் உட்டன், அதற்கு முன் இந்தியானா மாகாணத்தில் உயர்நிலைப் பள்ளி ஆங்கில ஆசிரியராக இருந்தவர். வகுப்பறையில் பழகிய போதனா முறையை ஆட்டக்களத்திலும் விடாது கைக்கொண்டதே அவர் பெருமைக்குக் காரணம். அவ்வழியைப் பின்பற்ற விரும்பும் பயிற்சியாளர் ஐந்து படிகளை அனுசரிக்கலாம்.

1. முன்னதாகத் திட்டம் எழுதுங்கள். உட்டன் காலையிலேயே உதவியாளருடன் அமர்ந்து, மாலைப் பயிற்சியின் ஒவ்வொரு பகுதிக்கும் இத்தனை நிமிஷம் என்று சிறு அட்டையில் குறித்துக்கொள்வார். ஆட்டக்காரர் இன்று எதைக் கற்றுச் செல்ல வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதி, அதற்குத் துணைசெய்யாத அப்பியாசங்களை, அவை எவ்வளவு வழக்கமானவையாயினும், நீக்கிவிடுங்கள்.

2. அடிப்படையிலிருந்து தொடங்குங்கள். தேர்ந்த வீரருக்கும் அவர் முதல் நாளில் காலுறையைச் சுருக்கமின்றி அணியக் கற்பித்தார். சுருக்கம் கொப்புளத்தையும், கொப்புளம் பயிற்சி நஷ்டத்தையும் விளைவிக்கும் என்ற காரணத்தை உணர்ந்தவர் அவர்.

3. காட்டித் திருத்துங்கள். பிழை கண்டவுடன் சரியான முறையைச் செய்து காட்டி, ஆட்டக்காரர் செய்த விதத்தையும் காட்டி, மறுபடி சரியானதையே காட்டுவது அவர் வழக்கம். இவையாவும் சில விநாடிகளில் முடிந்துவிடும். 1974–75 பருவத்தில் அவருடைய பயிற்சிகளைக் கூர்ந்து கவனித்த ரோலண்ட் தார்ப், ரொனால்ட் காலிமோர் என்னும் உளவியலறிஞர்கள், அவர் செய்கைகளில் ஏறக்குறையப் பாதி, இன்னதை இவ்விதம் செய் என்னும் நேரான போதனையே என்றும், புகழ்ச்சியும் கண்டனமும் சொற்பமே என்றும் கண்டனர்.

4. பகுத்துப் பின் கூட்டுங்கள். முழு ஆட்டத்தைக் காட்டிய பிறகு, பந்தெறிதல், காலடி, தடுப்பு என்று தனித்தனியே பழக்கி, அவற்றை மீண்டும் ஆட்டத்தில் சேருங்கள். தனியே கைவந்த வித்தை எதிரியின் நெருக்கத்திலும் நிலைக்கிறதா என்பது அப்பொழுதுதான் தெரியும்.

5. அன்றே ஆராயுங்கள். எதைக் கற்பிக்க நினைத்தேன், ஆட்டக்காரர் உண்மையில் எதைக் கற்றார், இடையிலுள்ள பேதத்திற்கு என் சொல்லோ செயலோ எவ்வளவு காரணம் என்ற மூன்று வினாக்களுக்கும் இரவுக்குள் விடை எழுதுங்கள். வாரம் ஒரு நாள், நண்பர் ஒருவரைக் களத்தோரம் அமர்த்தி, நீங்கள் பேசுவதைப் போதனை, புகழ்ச்சி, கண்டனம் என்று மூன்று பத்திகளில் கோடிட்டுக் கணக்கெடுக்கச் சொல்லுங்கள். நம் நினைவு நமக்கே சாதகமாகச் சாட்சி சொல்லும், அந்தக் கணக்கு அவ்விதம் சொல்லாது.

மறுநாள் திட்டத்தின் முதல் வரி இந்தக் குறிப்பிலிருந்தே எழ வேண்டும். சிஷ்யன் தவறும்போது அவன் சிரத்தையைச் சந்தேகிக்குமுன் தம் போதனையைப் பரிசோதிப்பவரே, வெற்றி தோல்வி எதுவாயினும், ஒவ்வொரு பருவத்திலும் வளர்கிறார்.