மேற்படிப்பைக் குறித்துத் தம்பி மகனுக்கு

வத்திராயிருப்பு,
ஆனி மாதம்.

 

நேர்முகத் தேர்வுகளில் எதுவும் கைகூடவில்லை என்பதால் இந்த வருஷமே எம்.இ.யில் சேர்ந்துவிட உத்தேசித்திருக்கிறாய் என்றும், வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரத் தக்கதாய் ஏதேனும் ஒரு கல்லூரியைப் பார்க்கிறாய் என்றும், பணத்துக்குக் கான்சாபுரம் வயலை ஈடு வைக்கலாம் என்று பேச்சிருப்பதாகவும் உன் தாயார் வந்து சொன்னதிலிருந்து எனக்கு இரவில் சரியாக உறக்கமில்லை. உன் அப்பா இருந்திருந்தால் அவனே இதை எழுதியிருப்பான்.

மேற்படிப்பை நான் இகழ்கிறவனல்லன். நீ படித்த எலெக்ட்ரானிக்ஸிலேயே, சிப் வடிவமைக்கும் பெங்களூர்க் கம்பெனிகள் எம்.டெக். படித்தவர்களை விரும்பி எடுத்துக்கொள்கின்றன. ஆராய்ச்சியில் இறங்க நினைப்பவனுக்கும் அது நல்ல படிக்கட்டு. ஆனால் சாதாரண சாஃப்ட்வேர் உத்தியோகத்துக்கு அந்த இரண்டு வருஷத்தால் பெரிய அனுகூலம் ஒன்றுமில்லை. பவர் கிரிட், என்.டி.பி.சி. போன்ற பொதுத்துறை ஸ்தாபனங்கள் கேட் தேர்வின் மதிப்பெண்ணைப் பார்த்து பி.இ. படித்தவனையே எடுக்கின்றன. மகேந்திரகிரியில் இருக்கும் இஸ்ரோ நிலையத்தில் விஞ்ஞானியாக நுழைவதற்கும் பி.இ. போதும். ஆகவே, வேலையில்லாத காலத்தை மறைக்க ஒரு திரையாக எம்.இ.யைப் பிடித்துக்கொள்வது எனக்குச் சம்மதமில்லை.

உன் சித்தப்பாவின் கதையை நீ அரைகுறையாகத்தான் கேட்டிருப்பாய். வடக்குக்காட்டை விற்று எம்.இ. படித்தான். பி.இ., எம்.இ. இரண்டில் ஒன்றில் முதல் வகுப்பிருந்தால் உதவிப் பேராசிரியர் ஆகலாம் என்பது விதியாகையால், வெளி ஜில்லாவில் ஒரு கல்லூரியில் அமர்ந்தான். அமர்ந்த அன்றே அவனுடைய மூலச் சான்றிதழ்களை வாங்கி அலுவலக பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். சம்பளம் இரண்டு மாதம் பிந்தி வரும். சித்திரை வைகாசி வெயிலில், பிளஸ் டூ எழுதிய பிள்ளைகளின் விலாச ஜாபிதாவைக் கையில் கொடுத்து, கிராமம் கிராமமாய் வீட்டு வாசலில் நின்று சேர்க்கைக்கு ஆள் பிடித்துவரச் சொல்வார்கள். எத்தனை பேரைக் கொண்டுவந்தான் என்று மாலையில் கணக்கும் கேட்பார்கள். 15 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்றிருந்த விதியை 2018-இல் 20 மாணவருக்கு ஒருவர் என்று தளர்த்தினார்களே, அந்த வருஷம் முதலில் வெளியே போகச் சொல்லப்பட்டவர்களில் அவனும் ஒருவன். சான்றிதழைத் திரும்ப வாங்க நானும் உன் அப்பாவும் நடந்த நடையை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஒரே ஆசிரியரின் பெயர் ஒரே சமயத்தில் பல கல்லூரிகளின் பட்டியலில் இருந்ததாக 2024-இல் பத்திரிகைகளில் படித்தபோது ஊரார் ஆச்சரியப்பட்டார்கள், நான் படவில்லை.

பட்டம் வேண்டுமென்றால் சர்க்கார் செலவில் படி என்பதுதான் என் கட்சி. கேட் எழுதித் தேறி, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் எம்.டெக். சேர்ந்தவனுக்கு மாதம் 12,400 ரூபாய் வீதம் இரண்டு வருஷம் உதவித்தொகை உண்டு. அதே மதிப்பெண்ணைக் கொண்டு திருச்சி என்.ஐ.டி.க்கும் சென்னை ஐ.ஐ.டி.க்கும் விண்ணப்பிக்கலாம், மூன்று வருஷத்துக்கு அது செல்லும். தேர்வு பிப்ரவரியில் வருகிறது. ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்து படித்தால் ஊர் என்ன சொல்லும் என்று உன் தாயார் கவலைப்படுகிறாள். பக்கத்து ஊரான கூமாப்பட்டிக்கு வேன் பிடித்து வந்து வேடிக்கை பார்க்கிறவர்களைப் பற்றிப் பேசவே இந்த ஊருக்கு இப்போது பொழுது போதவில்லை. உன்னைப் பற்றிப் பேச யாருக்கு நேரமிருக்கிறது?

முடிவு உன்னுடையது, நான் குறுக்கே நிற்க மாட்டேன். இந்த வருஷமே சேர்வதென்று நீ தீர்மானித்தாலும் என் ஆசீர்வாதம் குறையாது. ஆனால் வயலின் பத்திரம் என் பெட்டியில் இருக்கிறது, அது அங்கேயே இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடுமையாக எழுதிவிட்டேனோ என்று உன் பெரியம்மா கோபிக்கிறாள். நம் வீட்டில் கணக்கில் உன்னைப் போல் ஒரு பிள்ளை பிறந்ததில்லை. உன் தாத்தாவே சொல்லியிருக்கிறார். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரிக் கூட்டத்தில் பஸ்ஸில் இடம் கிடைக்காது, இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பால்கோவா வாங்கி வைக்கிறேன். மாடி அறையை வெள்ளையடித்துத் தருகிறேன், மின்விசிறியும் புதிதாக மாட்டலாம், எத்தனை நாள் வேண்டுமானாலும் இருந்து படி. கேட் விண்ணப்பம் ஆகஸ்டு கடைசிவாக்கில் திறப்பது வழக்கம். கட்டணத்தை நானே கட்டுகிறேன், நீ புகைப்படத்தையும் மதிப்பெண் பட்டியலையும் மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு வா.

இப்படிக்கு,
உன் பெரியப்பா