திருப்பம் தெரிந்த பிறகும் பார்க்கலாம்

நல்ல கிரைம் த்ரில்லர் ஒன்று சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது 2013 டிசம்பரில் வெளிவந்த மலையாளப் படமான ‘த்ரிஷ்யம்’. ஜீத்து ஜோசப் எழுதி இயக்கியது. இந்த வகைப் படங்களை எப்படிப் பார்க்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்ததும் அதுதான். முடிவைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

முதல் பாதியில் பொறுமை வேண்டும். மோகன்லால் நடித்த ஜார்ஜ்குட்டி, நாலாம் வகுப்போடு படிப்பை விட்ட கேபிள் டிவிக்காரர். ராத்திரியெல்லாம் அலுவலகத்தில் சினிமா பார்ப்பார். வீட்டில் கணக்குப் பார்த்துச் செலவு செய்வார். கான்ஸ்டபிள் சகதேவனோடு அவருக்கு ஆகாது. கதை நகரவில்லையே என்று தோன்றும். ஆனால் பின்னால் ஒரு கொலையை மறைக்க அவர் போடும் திட்டம் முழுக்க அந்தச் சினிமாப் பைத்தியத்திலிருந்துதான் வருகிறது. முதல் பாதியில் செல்போனை நோண்டியவர்களுக்கு இரண்டாம் பாதி பாதிதான் கிடைக்கும்.

நமக்கு என்ன தெரியும் என்பதைக் கவனியுங்கள். கொன்றது யார், எதற்காக, உடல் எங்கே புதைக்கப்பட்டது என எல்லாவற்றையும் இயக்குநர் நமக்கு முன்பே காட்டிவிடுகிறார். ஆகஸ்ட் 2 அன்று குடும்பத்தோடு தொடுபுழாவில் இருந்தோம் என்று ஜார்ஜ்குட்டி சொல்வது பொய் என்றும் தெரியும். போலீஸைவிட நமக்கு அதிகம் தெரியும் என்ற நினைப்பில் இருக்கிறோம். ஆனால் உடல் இருப்பதாக நாம் நம்பிய குழியைப் போலீஸ் தோண்டியபோது அங்கே மனித உடல் இல்லை. அந்த இடத்தில் நாமும் போலீஸும் ஒன்றுதான்.

இரண்டாம் முறை பாருங்கள். திருப்பம் நேர்மையானதா என்று அப்போதுதான் தெரியும். உடல் கிடப்பது புதிய காவல் நிலையத்தின் தரைக்கு அடியில். அந்தக் கட்டடம் கடைசி நிமிடத்தில் வந்து குதித்ததல்ல. நம் கண் முன்னால்தான் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் திடீரென ஓர் இரட்டைச் சகோதரனைக் கொண்டுவரும் படங்களை என்னால் மதிக்க முடியாததற்குக் காரணம் இதுதான். பார்வையாளர் கண்டுபிடித்திருக்கக்கூடிய திருப்பமே எழுத்தாளரின் திறமை.

திருப்பம் அந்த மனிதரைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேளுங்கள். உடலை இடம் மாற்றியதை மனைவி, மகள்களிடம்கூட ஜார்ஜ்குட்டி சொல்லவில்லை. அவர்கள் அடிபட்டாலும் உடல் இருக்கும் இடம் வெளியே வராது. அதே மனிதர்தான், கொல்லப்பட்டவனின் பெற்றோரான கீதாவும் பிரபாகரும் எதிரில் நிற்கும்போது குரல் உடைந்து பேசுகிறார். தந்திரமும் குற்ற உணர்வும் ஒரே நெஞ்சில் இருப்பதால்தான் அந்த முடிவு கனக்கிறது.

2015இல் ஜீத்து ஜோசப்பே கமல்ஹாசனை வைத்து இதைத் தமிழில் ‘பாபநாசம்’ ஆக்கினார். முடிவு தெரிந்துதான் போனேன். அப்போதும் படம் என்னைக் கட்டிப்போட்டது. அதிர்ச்சியை மட்டும் நம்பிய கதைக்கு இந்த ஆயுள் கிடையாது.

ஒரே ஒரு வேண்டுகோள். இப்படி ஒரு படம் பார்த்தால் நாலு பேரிடம் சொல்லுங்கள், ஆனால் முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள். முதல் முறை பார்க்கும் அனுபவம் யாருக்கும் ஒரே ஒரு தடவைதான் வாய்க்கும்.