எல்லை அறிந்த மருத்துவச்சி



கடைக்கு ஒரு கணக்கப்பிள்ளையை வைப்பதென்றால் நாம் எவ்வளவு விசாரிக்கிறோம்! முன்பு எங்கே வேலை பார்த்தார், கை சுத்தமா என்றெல்லாம் கேட்ட பின்னரே பெட்டிச் சாவியைக் கொடுக்கிறோம். ஆனால் மனைவியின் பேறுகாலத்திற்குத் தனியாக ஒரு மருத்துவச்சியை அமர்த்தும்போது மட்டும், "கைராசிக்காரர் என்றார்கள், கூலியும் குறைவு" என்பதோடு நின்றுவிடுகிறோம். கணக்கில் விழுந்த பிழையைத் திருத்தலாம். பிரசவத்தில் நேரும் பிழைக்குத் திருத்தமில்லை.

முதலாவது, ஆள் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். சமைத்துக் கொடுத்து, குழந்தையைக் குளிப்பாட்டி, தாய்க்கு எண்ணெய் தேய்த்துவிடும் பெண்மணி வேறு. பயிற்சி பெற்ற மருத்துவச்சி வேறு. முன்னவரின் உதவி பெரிதுதான். ஆனால் பிரசவம் பார்ப்பது அவர் வேலையன்று. சிங்கப்பூரில் மருத்துவச்சியாகத் தொழில் செய்ய, தாதியர் வாரியத்தில் பதிவும், காலாவதியாகாத தொழிற்சான்றிதழும் வேண்டும். அப்பதிவேட்டை இணையத்தில் எவரும் பார்க்கலாம். பெயரைப் பார்த்த பின்பே பேச்சைத் தொடங்குங்கள்.

இரண்டாவது, "எவரை நீங்கள் ஏற்பதில்லை?" என்று கேளுங்கள். கேள்விகளில் தலையாயது இதுவே. முன்பு வயிற்றில் அறுவை செய்து பிள்ளை பெற்றவர், இரட்டைக் கரு சுமப்பவர், குழந்தை தலைகீழாகத் திரும்பாதவர், இரத்தக் கொதிப்போ நீரிழிவோ உள்ளவர் ஆகியோரை மருத்துவமனைக்கே அனுப்புவேன் என்பவர் தம் எல்லையை அறிந்தவர். "எதுவானாலும் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பவரிடம் சலாம் சொல்லி விடைபெறுவதே நலம்.

மூன்றாவது, ஆபத்து வந்தால் என்ன ஏற்பாடு? பிரசவத்துக்குப் பின் அரை லிட்டர் இரத்தம் போய்விட்டாலே அதை மிகை இரத்தப்போக்கு என்பர். அப்போது ஒவ்வொரு நிமிடமும் விலைமதிப்புள்ளது. இரத்தமும் அறுவைக்கூடமும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதே மருத்துவமனையின் பலம். காண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் 1966ஆம் ஆண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. வீட்டுப் பிரசவம் இன்று இங்கே மிக அரிது. ஆகவே எந்த டாக்டருடன் சேர்ந்து வேலை செய்கிறார், எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவார், பரிசோதனைக் குறிப்புகளை அங்கே கொடுப்பாரா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காவது, அதே இரவில் அவருக்கு வேறொரு பிரசவம் இருந்தால், அல்லது அவரே நோயுற்றால் யார் வருவார்? கட்டணத்தில் எவை அடங்கும், எவை அடங்கா? வியாபாரிகளாகிய நமக்குச் சொல்ல வேண்டியதில்லை: வாய்ப்பேச்சு போதாது, காகிதத்தில் இருக்கட்டும்.

ஐந்தாவது, கடையை ஒரு மாலை முன்னதாகச் சாத்திவிட்டு, மனைவியையும் அழைத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள். வலி தாங்கப்போகிறவர் அவர். கூச்சமின்றிக் கேட்க அவருக்கு மனம் வருகிறதா, கேட்டதற்கு மருத்துவச்சி பொறுமையாகப் பதில் சொல்கிறாரா என்று கவனியுங்கள். அவருக்குப் பிடிக்கவில்லையென்றால் அந்தப் பேச்சை அத்துடன் விட்டுவிடுங்கள். இவையெல்லாம் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்திற்குள் முடிவாவது நல்லது.

சரக்கு எடுக்க வெளியூர் போகும் சகோதரர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். கடுந்தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் திடீரென வீங்குதல், இரத்தம் படுதல், குழந்தையின் அசைவு குறைதல், மாதம் நிறையுமுன் பனிக்குடம் உடைதல் — இவற்றில் ஒன்று கண்டாலும் காத்திருக்கலாகாது. மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். இதை எழுதி, மருத்துவச்சியின் தொலைபேசி எண்ணோடும் ஆம்புலன்சுக்குரிய 995 என்ற எண்ணோடும் அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டிவையுங்கள். நாம் ஊரில் இல்லாத இரவிலும் அந்தக் காகிதம் வீட்டில் இருக்கும்.