புகைமூட்டம் இதயத்தையும் தாக்குமா?

கேள்வி: புகைமூட்டத்தில் இருமல் வருவது புரிகிறது. இதய நோயாளிகளையும் வெளியே போக வேண்டாம் என்கிறார்களே, ஏன்?
– வாசகி, லிட்டில் இந்தியா, சிங்கப்பூர்

பதில்: மூச்சுக்குழாய் கிளைகிளையாகப் பிரிந்து, கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகளில் முடிகிறது. அவற்றின் மெல்லிய சுவரை ஒட்டி ஓடும் ரத்தம் ஆக்சிஜனை ஏற்று, கரியமில வாயுவை விடுகிறது. பெரிய தூசியை மூக்கு ரோமமும் சளியும் பிடித்துவிடும். 2.5 மைக்ரானுக்கும் சிறிய புகைத்துகளோ நுண்ணறை வரை போய் அழற்சியை உண்டாக்கும். மிக நுண்ணியவை ரத்தத்திலும் கலக்கும். இதனால் ரத்தக்குழாய்கள் இறுகி இதயத்தின் சுமை கூடும்.

2013 ஜூன் 21 அன்று சிங்கப்பூரின் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401-ஐத் தொட்டது. 300-ஐத் தாண்டினாலே அபாயகரம். அப்படிப்பட்ட நாளில் தேக்கா சந்தைக்குப் போவதைத் தள்ளிப்போடுங்கள்; மாத்திரையை நிறுத்தாதீர்கள். நெஞ்சு வலித்தால் தயங்காமல் 995-ஐ அழையுங்கள்.