உட்செவியில் நரம்பும் நோயெதிர்ப்பும்

காது கேட்கிறது என்று கூறுவது வழக்கம். உண்மையில் காது ஒலியலைகளை நரம்புத் துடிப்புகளாக மாற்றித் தருகிறது, கேட்டறிவது மூளையாகும். இம்மாற்றம் நிகழுமிடம், உட்செவியில் நத்தைக் கூடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியா என்னும் உறுப்பு. மனிதனின் செவி ஒன்றில் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் உள. அவற்றுள் உள்வரிசையைச் சேர்ந்த 3,500 அணுக்களே பெரும்பாலும் ஒலிச் செய்தியை நரம்புக்கு அளிக்கின்றன. அவற்றோடு இணைந்த நரம்பிழைகள் சுமார் 30,000. மயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மனிதனிடத்து மீண்டும் தோன்றுவதில்லை.

மூளையைப் போலவே உட்செவிக்கும் குருதிக்கும் இடையே ஒரு தடுப்பு உண்டு. ஆதலின் நோயெதிர்ப்பு அணுக்களுக்கு அங்கு வேலையில்லை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. இக்கருத்து இன்று மாறிவிட்டது. மேக்ரோபேஜ் எனப்படும் விழுங்கணுக்கள், நலமான செவியிலும் நரம்பணுக்களின் அருகிலும் குருதி நாளங்களை ஒட்டியும் உறைகின்றன. பேரொலியால் செவி சேதமுறும்போது குருதியிலிருந்து மேலும் பல வந்து சேர்ந்து, சிதைந்த அணுக்களை அகற்றுகின்றன.

இவ்வணுக்களுக்கும் நரம்புக்கும் உள்ள தொடர்பு யாது? நரம்பணுக்கள் ஃபிராக்டல்கைன் என்னும் புரதத்தைத் தாங்கியுள்ளன. அதனை உணரும் ஏற்பி விழுங்கணுக்களின்மேல் அமைந்துள்ளது. அவ்வேற்பி இல்லாத சுண்டெலிகளில், மயிரணுக்கள் அழிந்தபின் நரம்பணுக்களும் மிகுதியாக மடிந்தன என்று 2015-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. துப்புரவு செய்யும் அணுக்களே நரம்பைப் பேணவும் உதவுகின்றன என்பது இதனால் விளங்கும்.

ஆயினும் காவல் அளவு மீறினால் தீங்கு விளையும். உடலின் எதிர்ப்பாற்றலே உட்செவியைத் தாக்குவதால் நேரும் கேள்வி இழப்பை, 1979-இல் அமெரிக்க மருத்துவர் பிரையன் மெக்கேப் விவரித்தார். மூளையுறை அழற்சியில் கிருமிகளும், அவற்றை எதிர்த்தெழும் அழற்சியும் சேர்ந்து மயிரணுக்களையும் நரம்பையும் கெடுக்கின்றன. பின்னர்க் காக்ளியாவினுள் எலும்பு வளர்ந்து அடைத்துக்கொள்வதும் உண்டு. அதன்பின் செயற்கைக் காக்ளியா பொருத்துவது கடினமாகிறது.

எனவே களப்பணியாளர் இரண்டு செய்திகளை மறவாதிருத்தல் வேண்டும். மூளையுறை அழற்சியிலிருந்து மீண்ட குழந்தைக்குத் தாமதமின்றிக் கேள்விப் பரிசோதனை செய்விக்க வேண்டும். ஒருவருக்குத் திடீரென, சில மணி நேரத்திலோ மூன்று நாட்களுக்குள்ளோ, ஒரு காது கேளாமற் போனால், குறும்பி அடைத்திருக்கும் என்று எண்ணெய் ஊற்றிக் காத்திராமல் உடனே காது மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தை முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்குவதே நலம்.

ஆசிரியர்க்கும் இதில் பங்குண்டு. நோயுற்று எழுந்து பள்ளிக்குத் திரும்பிய மாணவன், அழைத்தால் திரும்பாமலும் சொல்வதை எழுதாமலும் இருப்பானாயின், அதனைக் கவனக்குறைவென்று தண்டிக்குமுன் அவன் செவியைச் சோதிக்கச் செய்வீர்களாக.

வினாக்கள்

1. மயிரணுக்களின் இழப்பு ஏன் நிலையானது?
2. விழுங்கணுக்கள் செவிக்கு நன்மை செய்வது எவ்வாறு? அழற்சி தீங்காவது எப்போது?
3. மூளையுறை அழற்சிக்குப்பின் பரிசோதனையைத் தாமதித்தால் விளைவது யாது?