சித்திரக்கதையாளரும் சங்கத்தின் பயனும்

தனிமரம் தோப்பாகாது என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. ஆலைத் தொழிலாளர் சங்கம் அமைத்துத் தம் கூலியைக் காத்துக்கொள்ளுதல் யாவரும் அறிந்ததே. ஆனால், அறையில் தனித்திருந்து எழுதுவோர்க்கும் வரைவோர்க்கும் சங்கம் எதற்கு என வினவுவார் உளர். கலைஞன் நாடுவது புகழன்றோ, அவனுக்குப் பேரம் ஏன் என்பது அவர் கருத்து. இக்கருத்து எத்துணைப் பிழையுடையது என்பதை அமெரிக்க நாட்டுச் சித்திரக்கதையாளர் இருவரின் வரலாற்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

படங்களைக் கட்டங்களாக அடுக்கி, மாந்தரின் பேச்சையும் அவற்றுள்ளேயே எழுதிக் கதை நடத்துவது சித்திரக்கதை. இதனை ஒருவர் எழுத மற்றொருவர் வரைதல் பெருவழக்கு. ஒஹையோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரில் ஒரே பள்ளியிற் பயின்ற நண்பர் இருவருள் ஜெரி சீகல் எழுதினார். ஜோ ஷூஸ்டர் வரைந்தார். இருவரும் 1914-ஆம் ஆண்டிற் பிறந்தவர். இவர்கள் படைத்த வீரனே சூப்பர்மேன். பலரும் மறுத்த அக்கதையை 1938-இல் நியூயார்க் பதிப்பகம் ஒன்று ஏற்றது. அதற்கு அளித்த விலை 130 டாலர். அதனைப் பெறும்பொருட்டு இளைஞர் கையொப்பமிட்ட தாளோ, அவ்வீரனைப் பற்றிய உரிமை முழுவதையும் பதிப்பகத்துக்கே உரியதாக்கியது. ஒப்பமிடுமுன் அத்தாளைப் படித்துப் பொருள் கூற அவர்கள் பக்கத்தில் ஒரு சங்கமும் இல்லை.

வீரன் நாடெங்கும் புகழ்பெற்றான். படைத்தவரோ பக்கக் கணக்கிற் கூலி பெற்று உழைத்தனர். 1947-இல் அவர்கள் வழக்குத் தொடுத்தனர். ஆயினும் சூப்பர்மேன் பதிப்பகத்தின் உடைமையே எனத் தீர்ப்பாயிற்று. 1948-இல் ஒரு தொகை பெற்று உடன்பட்டனர். அதன்பின் அவர்கள் பெயரும் கதைகளினின்று நீக்கப்பட்டது.

இதற்கிடையே, 1946-இல் அமெரிக்காவில் தேசியச் சித்திரக்காரர் சங்கம் தோன்றிற்று. போர்க்காலத்தில் படைவீரரை மகிழ்விக்கக் கூடிச் சென்ற சித்திரக்காரரின் தோழமையே அதற்கு வித்து. ரூப் கோல்ட்பர்க் அதன் முதல் தலைவர். பின்னர் 1970-இல் சித்திரக்கதைப் புத்தகத் துறையினர் தமக்கென ஒரு கழகம் நிறுவினர். பரிசளித்துப் பாராட்டுதல் அதன் பணியாயிற்று. அதில் தலைமை ஏற்ற ஓவியர் நீல் ஆடம்ஸ், பாராட்டோடு நில்லாமல் ஊதியத்துக்காகவும் உரிமைக்காகவும் முயலவேண்டும் எனக் கருதினார்.

1975-ஆம் ஆண்டில் சூப்பர்மேனைத் திரைப்படமாக்கப் பெரும்பொருள் செலவிட இருந்தனர். அப்போது ஷூஸ்டர் கண்ணொளி குன்றியிருந்தார். சீகல் லாஸ் ஏஞ்ஜல்ஸ் நகரில் எழுத்தர் வேலை செய்து பிழைத்தார். மனம் நொந்த சீகல் பத்திரிகைகளுக்கு ஓர் அறிக்கை விடுத்தார். நீல் ஆடம்ஸ் அவர்கள் பொருட்டு வாதாடினார். தேசியச் சித்திரக்காரர் சங்கத்தின் முன்னாள் தலைவர் ஜெரி ராபின்சன் சித்திரக்காரர், எழுத்தாளர் பலரின் ஆதரவைத் திரட்டினார். செய்தி நாடெங்கும் பரவிற்று. உரிமை வைத்திருந்த நிறுவனம் அவ்வாண்டு டிசம்பரில் இணங்கியது. இருவர்க்கும் ஆண்டுதோறும் 20,000 டாலர் வழங்கவும், படைத்தோர் பெயரை மீண்டும் பொறிக்கவும் முடிவாயிற்று.

இதிலிருந்து நாம் அறிவது யாது? நீதிமன்றத்தில் தனித்து நின்று இழந்ததன் ஒரு பகுதியை, தோழர் துணைநிற்க மீட்டனர் என்பதாம். எனினும் அவர்கள் பெற்றது உதவித்தொகையே, உரிமையன்று. முதுமையில் வந்த துணை, இருபத்துமூன்று வயதிற் கையொப்பமிட்ட தாளை அழிக்கவில்லை. ஆதலின் சங்கத்தின் தலையாய பணி, வறுமை வந்தபின் கைகொடுத்தல் மட்டுமன்று. ஒப்பந்தத்தின் முன்னரே உடனிருத்தலாகும். முன்னது சிறிதன்று. 2000-ஆம் ஆண்டில் தோன்றிய ஹீரோ இனிஷியேட்டிவ் என்னும் அமைப்பு, நோயிலும் வறுமையிலும் வாடும் சித்திரக்கதையாளர்க்கு உதவி வருகிறது. பின்னதோ அதனினும் பெரிது.

சங்கங்களும் குற்றமற்றவை அல்ல. தேசியச் சித்திரக்காரர் சங்கம் தொடக்கத்தில் ஆடவரையே சேர்த்தது. ஹில்டா டெரி என்னும் சித்திரக்காரி முறையிட்டு, 1950-இல் அக்கதவைத் திறப்பித்தார். உரிமை கேட்போர் பிறர் உரிமையை மறுத்தல் ஆகாதன்றோ?

அறுவடை செய்தவரின் கூலியைப் பிடித்துவைக்கும் செல்வரை யாக்கோபின் நிருபம் கண்டிக்கிறது. எழுதுகோலும் தூரிகையும் அரிவாளைப் போன்ற கருவிகளே. நாளை எழுத்தையே தொழிலாகக் கொள்ளக்கூடிய மாணவராகிய நாம், முதற் படைப்பு அச்சேறும் மகிழ்ச்சியில் நீட்டப்படும் தாளிற் கையொப்பமிட விரைவோம். அவ்வேளையில் அந்த 130 டாலரை நினைவு கூர்வோமாக. துறையில் மூத்தோரிடம் சென்று கேட்போமாக. நாம் மூத்தோரானபின் வந்து கேட்கும் இளையோர்க்குக் கதவு திறப்போமாக.