கணக்கில் தடுமாறும் மாணவருக்கு என்னென்ன படிப்புகள்?

கேள்வி: பத்தாம் வகுப்பில் கணிதத்தில் மட்டும் தவறினால் ஓராண்டு வீணாகிவிடுமா?

பதில்: வீணாகாது. தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புக்கு ஐந்து பாடங்கள். ஒவ்வொன்றிலும் 100க்கு 35 எடுத்தால் தேர்ச்சி. தேறிய பாடங்களை மறுபடி எழுத வேண்டியதில்லை. பொதுத்தேர்வு முடிவு வெளியான சில வாரங்களில் நடக்கும் துணைத் தேர்வில் கணிதத்தை மட்டும் எழுதலாம். முன்பு உடனடித் தேர்வு எனப்பட்டது இதுதான். இதில் தேறியவர் அதே கல்வியாண்டிலேயே பிளஸ் ஒன்னில் சேர முடியும். விண்ணப்பிக்கச் சில நாட்களே தரப்படும் என்பதால், முடிவு வந்த கையோடு படித்த பள்ளியை அணுகிவிட வேண்டும்.

கேள்வி: 35 மதிப்பெண்ணை எட்ட எங்கிருந்து தொடங்குவது?

பதில்: வினாத்தாளின் அமைப்பிலிருந்து. அண்மை ஆண்டுகளின் வினாத்தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. இரண்டு மதிப்பெண் வினாக்களில் 10, ஐந்து மதிப்பெண் வினாக்களில் 10 எழுத வேண்டும். கடைசியில் எட்டு மதிப்பெண் வினாக்கள் இரண்டு: ஒன்று செய்முறை வடிவியல், மற்றொன்று வரைபடம். இந்த இரண்டு மட்டுமே 16 மதிப்பெண். சூத்திரத்தைவிடக் கைப்பழக்கமே இங்கே அதிகம் தேவை.

வரைபட வினா ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஒரு வேலையை 4 பேர் 30 நாளில், 6 பேர் 20 நாளில், 10 பேர் 12 நாளில் முடிக்கிறார்கள் என்றால் 8 பேருக்கு எத்தனை நாள்? ஆட்களையும் நாட்களையும் பெருக்கினால் எப்போதும் 120 வருகிறது. எனவே இது எதிர் மாறுபாடு. அட்டவணை போட்டு, அளவுத்திட்டம் எழுதி, புள்ளிகளைக் குறித்து, வளைகோட்டால் இணைத்து, 8க்கு நேரே பார்த்தால் 15 நாள். விடை பிசகினாலும் சரியாகச் செய்த படிகளுக்கு மதிப்பெண் உண்டு. வடிவியலிலும் இப்படித்தான்: உதவிப்படமும் அளவுகளும் கணக்கில் சேரும்.

அடுத்தது பலவுள் தெரிவு வினாக்கள். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் உள்ளவற்றைப் பிழையறப் பழகினாலே 14இல் கணிசமான பகுதி கைக்கு வரும். பிறகு வீச்சு, அணிகளின் கூட்டல், எளிய நிகழ்தகவு போன்றவை. தடுமாற்றத்தின் வேர் பெரும்பாலும் பத்தாம் வகுப்பில் இல்லை. ஆறு, ஏழாம் வகுப்பின் பின்னத்திலும், கூட்டல் கழித்தல் குறி மாற்றத்திலும், வாய்ப்பாட்டிலும் இருக்கிறது. அவற்றைச் சரிசெய்யாமல் சூத்திரங்களை மனப்பாடம் செய்வதில் பயனில்லை.

கேள்வி: பிளஸ் ஒன்னில் கணிதம் இல்லாத பிரிவை எடுத்தால் எந்தப் படிப்புகள் கைவிட்டுப் போகும்?

பதில்: முதலாவது பொறியியல். அதன் கலந்தாய்வுக்கு பிளஸ் டூவில் கணிதம் வேண்டும். கணிதம், புள்ளியியல் பட்டப்படிப்புகளும் அப்படியே. பி.சி.ஏ. போன்ற கணினிப் படிப்புகளில் கல்லூரிக்குக் கல்லூரி விதி மாறும். சேரும் முன் கேட்டு உறுதி செய்ய வேண்டும்.

மற்ற பல படிப்புகளுக்குத் தடையில்லை. இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் படித்தவர் நீட் எழுதலாம். செவிலியம், மருந்தியல் படிப்புகளுக்கும் போகலாம். வணிகவியல் பிரிவிலிருந்து பி.காம்., பி.பி.ஏ. படிக்கலாம். ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு எந்தப் பிரிவானாலும் சரி. தமிழ், ஆங்கிலம், வரலாறு பட்டங்களுக்கும் கணிதம் கேட்கப்படுவதில்லை.

ஆனால் நுழைவில் கேட்கப்படாத கணிதம் உள்ளே இருக்கக்கூடும். நீட் இயற்பியலில் கணக்கு உண்டு. பி.காமில் வணிகக் கணிதமோ புள்ளியியலோ வரும். உளவியலிலும் புள்ளியியல் வரும். செவிலியர் மருந்தின் அளவைக் கணக்கிட்டே கொடுக்க வேண்டும். சி.ஏ. அடிப்படைத் தேர்வின் நான்கு தாள்களில் ஒன்று வணிகக் கணிதம், தர்க்கம், புள்ளியியல் அடங்கிய 100 மதிப்பெண் தாள். ஆகவே சேரும் முன் முழுப் பாடத்திட்டத்தையும் வாங்கிப் பார்த்து, எந்தப் பருவத்தில் எந்த வகைக் கணக்கு வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. வகைநுண்கணிதத்தில் திணறும் பலருக்குச் சதவீதமும் வட்டியும் இயல்பாக வருகின்றன.

கேள்வி: பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. இரண்டில் எது ஏற்றது?

பதில்: கணக்கிலிருந்து தப்பிக்கப் பாலிடெக்னிக்கில் சேர்பவர் ஏமாந்துபோவார். பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு அது. முதல் ஆண்டிலேயே கணிதத் தாள்கள் உண்டு.

ஐ.டி.ஐ.யில் கணக்கு பட்டறையோடு ஒட்டியது. ஓர் இரும்புத் தகட்டின் நீள, அகல, தடிமனிலிருந்து அதன் எடையைக் காண்பது, அலகு மாற்றுவது, சதவீதம் போடுவது போன்றவை பட்டறைக் கணக்கீட்டில் வரும். கையில் பொருளை வைத்துக்கொண்டு செய்யும்போது வகுப்பறையில் புரியாதது பலருக்குப் புரிகிறது. எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் பிரிவுகள் இரண்டாண்டு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். வயர்மேன், வெல்டர் பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும் என்பதால், பத்தாம் வகுப்பில் கணிதத்தில் தவறியவரும் சேரலாம்.

இங்கிருந்து மேலே செல்லவும் வழி உண்டு. எட்டாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர், பத்தாம் வகுப்பின் தமிழ், ஆங்கிலத் தாள்களை மட்டும் எழுதித் தேறினால் பத்தாம் வகுப்புக்கு இணையான சான்று பெறலாம். பத்தாம் வகுப்புக்குப் பின் முடித்தவருக்கு பிளஸ் டூ மொழித் தாள்கள் வழியாக அதே ஏற்பாடு உண்டு. பத்தாம் வகுப்புத் தேறி ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரவும் இடமுண்டு.

கேள்வி: எவ்வளவு உழைத்தும் எண்களே பிடிபடாத மாணவருக்கு என்ன செய்வது?

பதில்: மற்ற பாடங்களில் நன்றாகப் படிக்கும் ஒருவர், மணி பார்ப்பதிலும் சில்லறை எண்ணுவதிலும்கூடத் தொடர்ந்து தடுமாறினால் அது சோம்பலாக இருக்க வாய்ப்பில்லை. டிஸ்கால்குலியா என்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம். குறிப்பிட்ட வகைக் கற்றல் குறைபாடுகளை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரிக்கிறது. உரிய மருத்துவச் சான்றுடன் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பித்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கிடைக்கும். விண்ணப்பத்தைத் தேர்வுக்குப் பல மாதங்கள் முன்பே தொடங்க வேண்டும்.

கணிதமே வேண்டாம் என்பவருக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி உண்டு. அதன் பத்தாம் வகுப்பில் ஐந்து பாடங்கள் போதும், கணிதம் கட்டாயமில்லை. அந்தச் சான்றை வைத்துச் சேர நினைக்கும் கல்லூரியும், எழுத நினைக்கும் வேலைத் தேர்வும் அதை ஏற்கின்றனவா என்பதைப் பதிவு செய்யும் முன்பே எழுத்துமூலம் உறுதி செய்துகொள்ள வேண்டும்.